ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர்கள் வருகிறார்கள், ஏன் நிற்பதில்லை?

பனங்காட்டு டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பை இந்த ஜூன் மாதம் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 15 வருடமாக வகுப்பு எடுக்கிறேன். ஆனால் ஆசிரியர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குப் புதிது.

இப்போது 84 பிள்ளைகள், 11 ஆசிரியர்கள். பொறுப்பு வந்ததும் பழைய பதிவு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். மூன்று வருடத்தில் 23 பேர் ஆசிரியராகச் சேர்ந்து விட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் கல்யாணம் ஆகியோ, வேலை கிடைத்தோ வெளியூர் போனவர்கள். அதை யாரும் தடுக்க முடியாது. மீதி 14 பேரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆராதனைக்குத் தவறாமல் வருகிறார்கள், அசனத்தில் (சபை விருந்தில்) பந்தி பரிமாறுகிறார்கள். பிள்ளைகள் உட்காரும் அறைப் பக்கம் மட்டும் வருவதில்லை. என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியும் போகிறார்கள்.

பயிற்சியே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடக்கிறது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து குழந்தை மனநலம் பற்றிப் பேசுவார். நன்றாகவும் பேசுவார். நோட்டு, பேனா, மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். அடுத்த ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. பாடப்புத்தகத்தைப் பார்த்து வாசிப்பு, மனப்பாட வசனம் ஒப்புவித்தல், ஒரு பாட்டு, முடிந்தது.

இந்த வருடம் பயிற்சிக்குக் கமிட்டியில் 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். கருத்தரங்கை இரண்டு நாளாக நடத்தலாம் என்பது அவர்கள் யோசனை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாத்தியார்:

டீச்சர் அம்மா, அந்தப் பணத்தைக் கருத்தரங்கில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தேவை சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம்.

நான் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எட். படித்த நாளில் பக்கத்துப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போவோம். எங்கள் பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். சாயங்காலம் அதை வைத்துப் பேசுவார். எனக்குப் பாடம் நடத்தத் தெரியும் என்றால் அது அந்தக் குறிப்புகளால்தான். சம்பளம் வாங்கப் போகிறவனுக்கே அவ்வளவு கைத்தாங்கல் கொடுத்தார்கள். நாமோ பி.காம். படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டி, 'ரெண்டாங்கிளாஸ நீ பாத்துக்கோ மக்களே' என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் சபையில் ஆறு வருடமாக ஆயத்தக் கூட்டம் நடத்துகிறோம். சனிக்கிழமை ஆறு முதல் ஏழு. மறுநாள் பாடத்தை ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்க வேண்டும், மனதில் வருகிற கேள்வியைக் கேட்கவும் வேண்டும். அவ்வளவுதான் கூட்டம்.

போன மாதம் சகேயு பாடம், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவரின் கதை. ஒரு தங்கை கதை சொன்னாள். ஆயக்காரருக்குத் தலைவன், காட்டத்தி மரத்தில் ஏறினான் என்று புத்தகத்தில் உள்ள சொல்லையே சொல்லிக்கொண்டு போனாள். நான் கையைத் தூக்கி, 'அக்கா, ஆயக்காரர்னா யாரு?' என்று கேட்டேன். நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அர்த்தம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அப்புறம் எல்லாருமாகப் பேசினோம். ரோமருக்காகச் சொந்த ஜனத்திடமே வரி பிடுங்கியவன். கூடுதலாக வாங்கித் தன் மடியில் கட்டியவன். அவன் ஊரான எரிகோவில் யாரும் அவனோடு சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்ட பெரிய பணக்காரன் ஊர் பார்க்க மரத்தில் ஏறுகிறான் என்றால் அவனுக்குள் எவ்வளவு தவிப்பு இருந்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். அந்தத் தங்கையின் முகமே மாறிவிட்டது.

மறுநாள் அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 'நம்ம ஊர்ல வட்டிக்குக் கொடுக்குறவர் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு வேப்ப மரத்துல ஏறி உக்காந்தா எப்படி இருக்கும்?' என்று ஆரம்பித்தாள். பிள்ளைகள் அப்படியே கட்டுண்டு இருந்தார்கள். நாலத்தனையாக (நாலு மடங்காக)த் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு சொல்லும் இடத்தில் ஒரு பையன், 'அப்பம் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும் அக்கா?' என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கணக்குப் போட்டது. அந்தப் பாடத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நான் ஒவ்வொரு ஆசிரியர் வகுப்பிலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் உட்காருவேன். முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போவேன். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே நன்றாக இருந்ததை முதலில் சொல்வேன், மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல்வேன். இரண்டாவது குறையை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன்.

கோவை அம்மா:

வாத்தியார் ஐயா சொல்வது அருமைதான். ஆனால் சனிக்கிழமை ஆறு மணி என்பது ஓய்வு பெற்றவர்களுக்கு முடியும். எனக்குச் சனிக்கிழமையும் கம்பெனி உண்டு. வீட்டுக்கு வந்தால் மாவு ஆட்டுவதிலிருந்து பிள்ளைகளின் சீருடை துவைப்பது வரை காத்திருக்கும். எங்கள் சபையில் அதே நேரம் பாடகர் குழுப் பயிற்சியும் நடக்கிறது. ஆசிரியர்களில் பாதிப் பேர் அங்கேயும் இருக்கிறார்கள்.

யாரும் பேசாத ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் சபையில் பிரசங்க நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு. முதல் பாட்டு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவோம். நாலு வருடம் நான் ஒரு பிரசங்கம்கூட முழுதாகக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், எனக்குள் ஒன்றும் ஊறவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் நின்று அழுதுவிட்டேன். விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன்.

அப்போது எங்கள் பொறுப்பாளர் அக்கா ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேரை வைத்து மாதம் மாற்றி மாதம் என்று ஆக்கினார்கள். ஒரு மாதம் வகுப்பு, ஒரு மாதம் ஆராதனையில் என் பிள்ளைகளோடு உட்காருவேன். அதனால்தான் இன்னும் இருக்கிறேன். ஆயத்தக் கூட்டமும் ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம், அடுத்த வாரப் பாடத்துக்கு. நாள் எதுவாக இருந்தாலும் சரி, ஆசிரியர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது பெஞ்ச்:

நான் விட்டுப் போனவன். அதனால் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு 21 வயது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனேன். பத்து நாள், நல்ல உற்சாகம். 'தம்பிக்குப் பிள்ளைங்ககூட நல்லா வருது' என்று சொல்லி ஜூனில் நான்காம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஏழு மாதம் எடுத்தேன்.

ஒரு ஞாயிறு, ஜெபத்தைப் பற்றிய பாடம். கேளுங்கள், கொடுக்கப்படும் என்ற வசனம். ஒரு பிள்ளை எழுந்து, 'எங்க அப்பாவுக்காக சபையில எல்லாரும் ஜெபம் பண்ணுனீங்களே அண்ணா, அப்புறம் ஏன் எறந்துட்டாங்க?' என்று கேட்டாள். அவள் அப்பா அதற்கு முந்தின வருடம் சிறுநீரகக் கோளாறில் இறந்தவர். எனக்கு வாயடைத்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, 'நாம இன்னும் விசுவாசமா ஜெபிச்சிருக்கணும்' என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடிகிற வரை தலையைத் தூக்கவில்லை.

அந்தப் பதிலை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் ஜெபித்தது போதாததால் அப்பா இறந்தார் என்று ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் போனேன், மூன்றாம் வாரம் போகவில்லை. பரீட்சை என்று சொன்னேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

பனங்காட்டு டீச்சர் அக்கா, உங்கள் 14 பேரில் என்னைப் போல ஒருவர் இருக்கலாம்.

ஒரு சேகரகுரு:

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அந்தக் கேள்விக்கு இருபது வருடம் ஊழியம் செய்த எனக்கும் பதில் இல்லை. மரணப் படுக்கையருகில் நின்று தவறான வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுத இரவுகள் எனக்கும் உண்டு. எனக்கு மூத்த ஐயர் (குருவானவர்) ஒருவர் இருந்தார், அவரிடம் போய்ச் சொல்ல முடிந்தது. உங்களுக்கு அப்படி ஒருவரைச் சபை கொடுக்கவில்லை. பிழை உங்களுடையது மட்டும் இல்லை.

வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியாகத்தான் இருந்தது. காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவும் அழத்தான் செய்தார். 'எனக்கும் தெரியலம்மா. உங்க அப்பா போனது எனக்கும் கஷ்டமா இருக்கு' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லலாம். இப்போதும் சொல்லலாம், நாள் கடந்துவிடவில்லை. உங்கள் சேகர ஐயாவையோ அவள் அம்மாவையோ கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நான் என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் சேகரத்தில் கமிட்டிக் கூட்டத்தில் உட்காருகிறேன், கட்டிட வேலையைப் பார்க்கிறேன், ஓய்வுநாள் பள்ளிக்குப் பாலர் ஞாயிறு அன்று மட்டும் போகிறேன். அப்பொல்லோ என்ற பிரசங்கி ஜெப ஆலயத்தில் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சபை நடுவில் திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கிச் சொன்னார்கள். ஆசிரியருக்குத் துணை நிற்பது என்றால் இதுதான். இந்த மாதத்திலிருந்து முதல் சனிக்கிழமை எங்கள் ஆசிரியர்களோடு உட்காரப் போகிறேன். நான் பேசப் போவதில்லை. அந்த மாதம் பிள்ளைகள் கேட்டுப் பதில் தெரியாமல் போன கேள்விகளை அவர்கள் கொண்டுவரட்டும்.

மறைக்கல்வி அக்கா (திருச்சி):

நான் கத்தோலிக்கப் பங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் இதே பாடுதான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி. அன்பியங்களிலிருந்து (பங்கின் சிறு குடும்பக் குழுக்களிலிருந்து) ஆள் கேட்டால் முதலில் பத்துப் பேர் வருவார்கள், தவக்காலத்துக்குள் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். புது நன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு) ஆயத்தம் செய்யும் வகுப்பு என்றால் இன்னும் பயம். பெற்றோர், பங்குத்தந்தை, பிள்ளையின் வெள்ளை உடை வரை எல்லாவற்றுக்கும் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும்.

2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு திருத்தூது மடல் வழியாக மறைக்கல்வியாளர் என்பதைத் திரு அவையில் முறையான ஒரு பொதுநிலையினர் பணியாக ஏற்படுத்தினார். அதற்கு ஆயர் முன்னிலையில் சடங்கு உண்டு, தகுந்த பயிற்சியும் வேண்டும் என்றது மடல். ஞாயிறு வகுப்பு எடுக்கும் எல்லாருக்கும் அந்தப் பணி கொடுக்கப்படுவதில்லை. ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஊக்கமாக இருந்தது. வேறு ஆள் இல்லாததால் நிறுத்தி வைத்தவர்கள் இல்லை நாங்கள், இது ஓர் அழைத்தல் என்று நிமிர்ந்து நின்றோம்.

எங்கள் பங்கில் புதிதாக வருகிறவருக்கு முதல் வருடம் வகுப்பு கிடையாது. துணை ஆசிரியர்தான். முதல் மூன்று மாதம் வருகைப் பதிவும் பாட்டும். பிறகு கதையை மட்டும் அவர் சொல்வார், கேள்வியை மூத்தவர் பார்த்துக்கொள்வார். திருவருகைக் காலம் வரும்போது மாதம் ஒரு முழு வகுப்பு. மூத்தவர் அறையிலேயே இருப்பார். அந்தத் தம்பிக்கு நேர்ந்தது போல ஒரு கேள்வி வந்தால், பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம் எவ்வளவு பெரியது! இரண்டு பேர் இருந்தால் ஆள் இரட்டிப்பாக வேண்டுமே என்று ஆரம்பத்தில் எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள். வகுப்புகளைச் சேர்த்தோம், ஒன்பது வகுப்பு ஆறாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சகேயு கதையில் எங்களுக்கும் அதே தொல்லை உண்டு. உங்கள் பைபிளில் ஆயக்காரர் என்றால் எங்கள் திருவிவிலியத்தில் வரிதண்டுவோர். அதுவும் பிள்ளைக்குப் புரியாது.

ஈரோடு தம்பி:

எல்லாரும் அன்பு, ஆதரவு என்றே பேசுகிறீர்கள். நேராகக் கேட்கிறேன், மாதம் 500 ரூபாய் கொடுத்தால் என்ன? பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவருக்குச் சில சபைகளில் கொடுக்கிறார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி அக்காக்கள் கலர் பென்சில், சார்ட் பேப்பர், பரிசுப் பொருள் எல்லாம் கைக்காசில் வாங்குகிறார்கள். பஸ்ஸுக்கும் அவர்கள் காசுதான்.

பழைய ஃபிளானல் போர்டு:

தம்பி கேட்டது ஓய்வுநாள் பள்ளி பிறந்த நாளிலிருந்தே உள்ள கேள்வி. 1780ல் இங்கிலாந்தின் கிளவுஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் இதை ஆரம்பித்தபோது ஆசிரியர்களுக்குக் கூலி உண்டு. அவர் அந்த ஊரில் செய்தித்தாள் நடத்தியவர். குண்டூசித் தொழிற்சாலைகளில் வாரம் ஆறு நாளும் வேலை செய்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தெருவில் சுற்றுவதைப் பார்த்து, நாலு பெண்களை அமர்த்தி, ஆளுக்கு ஞாயிறு ஒரு ஷில்லிங் கொடுத்தார். வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் வேலை, வேதாகமமே வாசிப்புப் புத்தகம். அப்புறம் ஊர் ஊராகப் பரவியபோது அத்தனை பேருக்கும் கூலி கொடுக்க முடியவில்லை. கூலி வாங்காதவர்கள் முன்வந்தார்கள். அப்படித்தான் இது இவ்வளவு தூரம் வந்தது.

கூலி நின்றதும் பயிற்சியின் தேவை கூடியது. 1874ல் அமெரிக்காவில் ஷடாக்குவா ஏரிக்கரையில் ஜான் ஹெய்ல் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் போதகரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்காகவே இரண்டு வாரக் கூடுகை நடத்தினார்கள். பின்னாளில் அது பெரிய கல்வி இயக்கமாக வளர்ந்தது. நம் நாட்டில் 1876ல் இந்திய ஓய்வுநாள் பள்ளிச் சங்கம் தொடங்கியது. குன்னூர்தான் அதன் இருப்பிடம். என் அப்பா அங்கே போய்ப் பயிற்சி எடுத்தவர். ஃபிளானல் துணி ஒட்டிய பலகையும், பின்னால் துணி ஒட்டிய படங்களும் கொண்டுவந்தார். என் பெயருக்கு அதுதான் காரணம். அதில் மோசேயின் நாணல் பெட்டிப் படம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, ஓரம் பிய்ந்துபோய்.

அப்பாவின் குறிப்பு நோட்டும் இருக்கிறது. பயிற்சியில் எழுதியது ஆறு பக்கம். அதற்கப்புறம் வருடக்கணக்காகச் சனிக்கிழமை ஆயத்தக் குறிப்புகள்தான். எந்தப் பிள்ளை வரவில்லை, யார் வீட்டுக்குப் போனார், எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்று எல்லாம் உண்டு. வாத்தியார் ஐயா சொன்னது புதிதில்லை. நம் பெரியவர்கள் செய்து, நாம் எங்கோ விட்டுவிட்டது.

500 ரூபாய் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மாதப் பணம் என்று ஆக்கினால் கொடுக்க முடியாத சின்னச் சபைகள் வகுப்பையே மூடிவிடும். ஆனால் கைக்காசு செலவழிக்க வைப்பது தவறு, பெரிய தவறு. பஸ் காசும் பொருள் செலவும் சபை கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கேட்டு வாங்க வைக்கக் கூடாது, கேட்காமலே கையில் வர வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைதான் முதலில் நின்றுவிடுகிறது.

அண்ணாநகர் ஆசிரியை:

சென்னையில் எங்கள் கஷ்டம் வேறு மாதிரி. என் வகுப்பில் 12 பிள்ளைகள், ஒன்பது பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பாட்டையே ஆங்கில எழுத்தில் எழுதித்தான் பாடுகிறார்கள். பாடப்புத்தகம் தமிழில். இளம் ஆசிரியர்களுக்கும் சுத்தத் தமிழில் பேச வராது, கூச்சத்தில் ஆங்கிலத்துக்கு ஓடுகிறார்கள். பிறகு வீட்டில் பாட்டியோடு ஜெபத்தில் உட்காரும்போது பிள்ளைக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

ரெய்க்ஸ் எழுத்துதான் முதலில் கற்றுக்கொடுத்தார் என்று வாசித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிடம் தமிழ் எழுத்து. அன்றைய மனப்பாட வசனத்திலிருந்தே மூன்று சொல். கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லட்டும், வசனத்தைத் தமிழில் வாசிக்கட்டும். ஆசிரியர்களுக்கும் ஆயத்தக் கூட்டத்தில் வாய்விட்டுத் தமிழ் வேதாகமம் வாசிக்கப் பழக்கம் வரும். போன வாரம் செய்து பார்த்தோம். 'மேய்ப்பர்' என்ற சொல்லை ஒரு பையன் எழுத்துக் கூட்டி வாசித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள்.

மதுரை வழக்கறிஞர்:

பயிற்சி என்றால் பாடம் மட்டும் இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி இந்த இழையில் இதுவரை யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தேவாலயத்துக்கும் பொருந்தும். பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. கமிட்டியில் பேசி முடித்துவிடலாம், சபை பெயர் கெட்டுவிடும் என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இல்லை. சொல்லாமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

நடைமுறையில், அறைக் கதவு திறந்திருக்கட்டும். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும். மறைக்கல்வி அக்கா சொன்ன துணை ஆசிரியர் ஏற்பாடு இதற்கும் உதவும். ஒரு பிள்ளையை மட்டும் தனியே வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். புதிதாக வருகிறவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது அவமானம் இல்லை. அவருக்கும் அது பாதுகாப்பு. ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் ஆசிரியர் துருவிக் கேட்கக் கூடாது. நம்பி, கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்து, தாமதிக்காமல் தகவல் கொடுக்க வேண்டும். இதற்கு அரை நாள் போதும். கருத்தரங்கு நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இதற்கு நடத்துங்கள்.

கோவை அம்மா:

வழக்கறிஞர் சார், இதை அப்படியே எடுத்து எங்கள் சபையில் கொடுக்கிறேன். என் மகளும் அதே வகுப்பறையில்தான் உட்காருகிறாள்.

பனங்காட்டு டீச்சர்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். செய்ததை எழுதாமல் போனால் நன்றாக இருக்காது.

கமிட்டியில் நிறையப் பேச்சு நடந்தது. இரண்டு நாள் கருத்தரங்கு வேண்டாம் என்று சொன்னதும் ஒருவருக்குக் கோபம். கடைசியில் சேகர ஐயா தலையிட்டு, ஒரு வருடம் டீச்சர் சொல்கிறபடி பார்ப்போம் என்றார்கள். 12,000 ரூபாயில் 4,000 ஆயத்தக் கூட்டத்தின் டீ, வடைக்கு. 5,000 வகுப்புப் பொருளுக்கும் பஸ் காசுக்கும். மாத முதல் ஞாயிறு உறையில் போட்டு நானே கையில் கொடுத்துவிடுகிறேன். மீதி 3,000 பாதுகாப்பு பற்றிய அரை நாள் பயிற்சிக்கு. எங்கள் ஊர் வழக்கறிஞர் அம்மா ஒருவர் காசு வாங்காமல் வந்து பேசினார்கள், அதனால் அதிலும் மிச்சம். 1098 இப்போது நாலு அறைச் சுவரிலும் இருக்கிறது.

ஆயத்தக் கூட்டத்தைச் சனிக்கிழமை என்று நானே முடிவு செய்யாமல் ஆசிரியர்களைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஏழு மணி என்றார்கள், பாடகர் குழு இல்லாத நாள். முதல் வாரம் ஏழு பேர். இரண்டாம் வாரம் மழை, நாலு பேர். போன வாரம் ஒன்பது பேர். முதல் நாள் எல்லாருக்கும் வெட்கம். நானே கதை சொல்லி, நானே மாட்டிக்கொண்டேன். தாவீது கோலியாத்தைப் பற்றி ஒருவர், 'கவண்னா எப்படி இருக்கும் அக்கா, உண்டிவில் மாதிரியா?' என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் சபையின் பனையேறும் தாத்தா ஒருவரைக் கேட்டோம். சின்ன வயதில் வயலில் கிளி விரட்டக் கவண் சுழற்றியிருக்கிறார். ஞாயிறு வகுப்புக்கே வந்து கயிற்றை முடிந்து காட்டினார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

விட்டுப் போன 14 பேரில் ஐந்து பேர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வாருங்கள் என்று கூப்பிடவில்லை, ஏன் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவருக்குக் கைக்குழந்தை. ஒருவருக்குப் பிள்ளைகளை அடக்க முடியவில்லை, பக்கத்து வகுப்புக்காரர் எல்லார் முன்பும் சத்தம் போட்டிருக்கிறார். மூன்றாவது தங்கை வெகுநேரம் பேசவே இல்லை. கிளம்பும்போது வாசலில் வைத்து, 'ரெண்டு வருஷமா யாரும் வந்து கேக்கவே இல்லக்கா' என்றாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் நின்றபோது நான் பக்கத்து அறையில்தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மற்ற இருவரும் வேலை நேரம் மாறிவிட்டது என்றார்கள், உண்மையும் அதுதான். இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது.

வரும் ஞாயிறு யோனாவின் கடைசி அதிகாரம். மீன் கதையை யாரும் சொல்லிவிடலாம். நினிவே நகரத்தைக் கடவுள் அழிக்காமல் விட்டதற்கு யோனா ஏன் கோபப்பட்டார் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

இரண்டாவது பெஞ்ச்:

அக்கா, யோனாவுக்கு நிழல் கொடுத்து வாடிப்போன ஆமணக்குச் செடியிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தோட்ட ஓரத்தில் கிடைக்கும். காலையில் பறித்த இலை ஒன்று, முந்தின நாள் பறித்து வாடிய இலை ஒன்று, இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நல்ல வெயிலில் இவ்வளவு பெரிய இலை நிழல் கொடுத்தால் எப்படி இருக்கும், அது வாடினால் எவ்வளவு கோபம் வரும் என்று கேளுங்கள். அதற்கப்புறம் நினிவேயில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று பேசலாம். அந்த அதிகாரத்திலேயே வலது கை, இடது கை தெரியாதவர்கள் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் என்று வருகிறது. வலது கையைத் தூக்கச் சொன்னால் சின்ன வகுப்பில் பாதிப் பேர் இடது கையைத் தூக்குவார்கள்.

நான் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் அம்மாவும் இருந்தார்கள். அன்று சொன்னது தப்பு என்று சொன்னேன். அவள், 'பரவால்ல அண்ணா' என்றாள். பிறகு அப்பாவின் போட்டோவை எடுத்து வந்து காட்டினாள். அரை மணி நேரம் அவரைப் பற்றியே பேசினாள்.